புகை வராத லாரி

(பொதுச் சொற்பொழிவு ஒன்றின் எழுத்து வடிவம்)



செல்ஃப் சுற்றுகிறது. ஏழரை லிட்டருக்கும் மேற்பட்ட கொள்ளளவுள்ள எஞ்சின் பெருமூச்சு விட்டபடி உருள்கிறது. பத்து விநாடி, பதினைந்து விநாடி. நிமிர்ந்து நிற்கும் சைலன்சர் குழாயிலிருந்து இழையளவு புகைகூட வரவில்லை. அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட எம்-35ஏ2 லாரியை ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர் பல சமயம் முதலில் பார்ப்பது இந்தக் காட்சியைத்தான்.

அடுத்து அவர் எடுக்கும் முடிவும் அநேகமாக ஒன்றாகவே இருக்கிறது. இன்ஜெக்‌ஷன் பம்ப் போய்விட்டது என்று தீர்மானித்துவிடுகிறார். அந்த வண்டியின் எரிபொருள் பாதையிலேயே விலை அதிகமானதும், கழற்றக் கடினமானதும், திரும்பப் பூட்டும்போது டைமிங் பார்த்தே பூட்ட வேண்டியதும் அந்தப் பாகம்தான். அதைக் கழற்றி வேறொன்றை மாட்டிய பிறகும் வண்டி கிளம்பாமல் நிற்பதுண்டு. டீசல் அந்தப் பம்ப் வரைக்குமே வந்து சேர்ந்திருக்காது. எந்தப் பாகத்தையும் மாற்றும் முன், டீசல் எந்த இடம் வரை வருகிறது, எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று இங்கே பேச வந்தது அதைப் பற்றித்தான்.

முதலில் வண்டியைத் தெரிந்துகொள்வோம். 1950-ஐ ஒட்டி மிச்சிகன் மாநிலத்து லான்சிங் நகரின் ரியோ நிறுவனம் வடிவமைத்த இரண்டரை டன் லாரியின் வழிவந்தது இது. ஆறு சக்கர இழுவை. பின்னால் இரட்டை டயர்கள். மேடுபள்ளத்தில் இரண்டரை டன், நல்ல சாலையில் அதைப் போல் இரு மடங்கு சுமக்கும். 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்' என்பது படைவீரர்கள் வைத்த செல்லப்பெயர். 1960-களின் நடுவில் வந்த ஏ2 வகையை கைசர் ஜீப்பும், பிறகு ஏ.எம். ஜெனரலும் செய்தன. வியட்நாமின் சேற்றிலிருந்து அமெரிக்க மாநிலங்களின் தேசியக் காவல் படை வரை இந்த வண்டி ஓடாத இடம் குறைவு. 1990-களில் ஒரு பகுதி வண்டிகளுக்குக் கேட்டர்பில்லர் எஞ்சின் பொருத்தி ஏ3 என்று பெயரிட்டார்கள். மற்றவை வரிசையாக ஏலத்துக்கு வந்து, இன்று விவசாயிகளிடமும் மரம் வெட்டுவோரிடமும் பழைய வண்டிகளைப் பேணும் ஆர்வலர்களிடமும் இருக்கின்றன.

ஏ2-வின் எஞ்சின் தனி ரகம். கான்டினென்டல் நிறுவனத்தின் எல்.டி.டி.-465, ஆறு சிலிண்டர், 478 கன அங்குலம், அதாவது 7.8 லிட்டர். டீசல் மட்டுமன்றி மண்ணெண்ணெய், விமான எரிபொருள், வேறு வழியில்லாதபோது பெட்ரோலிலும் ஓடும்படி அமைத்தது. போர்க்களத்தில் எது கிடைக்கிறதோ அதை ஊற்றிக்கொண்டு நகர வேண்டும் என்பதே நோக்கம். இதற்கு அடிப்படை, ஜெர்மனியின் மான் நிறுவனத்தில் சீக்ஃப்ரீட் மொய்ரர் 1950-களில் உருவாக்கிய எரிப்பு முறை. பிஸ்டனின் தலையில் உருண்டையான குழி இருக்கும். நாசில் டீசலைக் காற்றில் பீய்ச்சாமல் பெரும்பகுதியை அந்தக் குழியின் சுவரில் பூசுகிறது. சூடான சுவரிலிருந்து அது ஆவியாகி, அடுக்கடுக்காக எரிகிறது. வழக்கமான டீசல் எஞ்சினின் தடதடப்பு இதில் குறைவு. ஜபல்பூரில் 1959 முதல் உருவான நம் ராணுவத்தின் சக்திமான் லாரியும் இதே மான் நிறுவனத்தின் உரிமத்தில் வந்ததுதான். ஆகவே இந்த அமெரிக்க வண்டி நமக்கு அவ்வளவு அந்நியமில்லை.

சுவரில் பூசி எரிக்கும் இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அந்தச் சுவரும் குளிர்ந்திருக்கும். பூசிய டீசல் எளிதில் ஆவியாகாது. அதை ஈடுகட்டத்தான் அழுத்த விகிதத்தை ஏறக்குறைய 22-க்கு 1 என்று உயர்வாக வைத்தார்கள். குளிர் நாடுகளுக்காகக் காற்று உள்ளே போகும் வழியில் சிறு தீச்சுடரை எரித்துக் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் ஒன்றையும் வைத்தார்கள். குளோ பிளக் இந்த எஞ்சினில் கிடையாது. குளோ பிளக் எங்கே என்று தேடித் திகைக்கிற புது உரிமையாளர்கள் உண்டு.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டாம். காற்று வேண்டும், அந்தக் காற்றை 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும் அளவுக்கு வேகமாக அமுக்க வேண்டும், சரியான நொடியில் எரிபொருள் உள்ளே போக வேண்டும். வேகமாக அமுக்குவது என்றால் பேட்டரிகள் சரியாக இருக்க வேண்டும். இந்த வண்டியில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். செல்ஃப் சுற்றும்போது அது 19 வோல்ட்டுக்கும் கீழே போனால் எஞ்சின் மந்தமாகத்தான் உருளும். அமுங்கும் காற்று சுவர்களில் வெப்பத்தை இழந்துவிடும். பிறகு டீசல் எவ்வளவு போனாலும் பற்றாது. டீசல் கோளாறு என்று வந்த வண்டி பேட்டரி முனையத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்ததும் கிளம்பிய கதைகள் பழைய லாரி வைத்திருப்போரிடம் ஏராளம். அதனால் வோல்ட் மீட்டர் வைத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

இரண்டாவது வேலைக்குக் கருவியே வேண்டாம். ஒருவர் செல்ஃபை அழுத்த, மற்றொருவர் தள்ளி நின்று சைலன்சர் குழாயின் வாயைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, எரியத்தான் இல்லை. கோளாறு வெப்பத்தில், அமுக்கத்தில், டைமிங்கில், அல்லது டீசலில் கலந்த தண்ணீரில் இருக்கும். புகையே வராவிட்டால் டீசல் உள்ளே போகவில்லை. இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். இந்தப் பேச்சு முழுக்கப் புகை வராத லாரியைப் பற்றியது.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி வாய்க்காலின் ஓரமாகவே மேலே நடந்து, எங்கே உடைப்பு, எங்கே அடைப்பு என்று மடை மடையாகப் பார்ப்பார். டீசலின் பாதையிலும் அதே நடைதான். ஏ2-வில் அந்தப் பாதை இப்படி: 50 கேலன் டேங்க், அதாவது ஏறக்குறைய 190 லிட்டர். டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கும் மின்சார பம்ப். அங்கிருந்து முதல் பில்டர். இன்ஜெக்‌ஷன் பம்போடு சேர்ந்த சப்ளை பம்ப். பிறகு இரண்டாம் பில்டர், கடைசி பில்டர். அடர்த்தி மாறும் எரிபொருள்களுக்கேற்ப அளவைத் திருத்தும் ஈடுகட்டி. இன்ஜெக்‌ஷன் பம்ப். ஆறு எஃகுக் குழாய்கள். ஆறு நாசில்கள்.

இந்தப் பாதையில் இறங்கும் முன் டேஷ்போர்டைப் பார்த்தாக வேண்டும். எஞ்சினை நிறுத்த அங்கே ஒரு கைப்பிடி இருக்கிறது. அதை இழுத்தால் கேபிள் வழியாக இன்ஜெக்‌ஷன் பம்பின் நெம்புகோல் நகர்ந்து டீசலை அறுத்துவிடும். நம் பழைய லாரிகளிலும் இப்படித்தான். சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது. ஸ்டாப்பரை இழுக்க வேண்டும். கடைசியாக வண்டியை நிறுத்தியவர் கைப்பிடியை இழுத்தபடியே விட்டிருக்கலாம். கைப்பிடியை உள்ளே தள்ளியும் துருப்பிடித்த கேபிள் உறைக்குள் இறுகி, நெம்புகோல் நகராமல் இருக்கலாம். எனவே கைப்பிடியைப் பார்த்தால் மட்டும் போதாது. பானெட்டைத் தூக்கி, பம்பின் பக்கத்து நெம்புகோல் ஓடும் நிலைக்கு வந்திருக்கிறதா என்று விரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் பில்டர்களைக் கழற்றத் தொடங்குவது நேரத்தை மண்ணில் கொட்டுவது.

அடுத்தது டேங்க். அளவுகாட்டி முள்ளை நம்பக் கூடாது. மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். மோந்தும் பார்க்க வேண்டும். நல்ல டீசலின் வாசனை அறிந்தவருக்குக் கெட்டுப்போன டீசலின் புளித்த வார்னிஷ் நாற்றம் உடனே தெரிந்துவிடும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் அது பெரிய தடயம். டேங்கின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. டீசல் வெளியே போகப் போக உள்ளே வெற்றிடம் உண்டாகி, போகிற டீசலைப் பிடித்து நிறுத்துகிறது. மூடியைத் தளர்த்தி வைத்துக் கிளப்பினால் ஓடுகிற வண்டியும், மூடியை இறுக்கியதும் சிறிது நேரத்தில் மூச்சடங்கி நின்றுவிடுகிற வண்டியும் ஒரே வண்டிதான்.

டேங்கின் அடியிலிருந்து கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் பிடித்து அசையாமல் வைத்தால் தண்ணீர் கீழே தனியாக நிற்கும். பாதி நிரம்பிய டேங்கில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் வியர்த்து இறங்குவதால் சேர்ந்த தண்ணீர் அது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் அந்தக் கோட்டில்தான் ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை வாழ்கிறது. எரிபொருளின் ஹைட்ரோகார்பன்களே அதற்கு உணவு. கறுத்த, வழவழப்பான ஏடுபோல் வளர்ந்து, வண்டி அசையும்போது பிய்ந்து வந்து பில்டரை மூடிவிடும். பல ஆண்டு நின்ற வண்டியை டிரெய்லரில் ஏற்றி ஊர் கொண்டுவந்து இறக்கியதும் கிளம்பாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பயணத்தின் குலுக்கல் அடியில் படிந்திருந்த அத்தனையையும் கலக்கி விட்டிருக்கும்.

டேங்க் பம்புக்கு வருவோம். ஏ2-வின் கோளாறுகளில் இதற்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். நம் பழைய லாரிகளில் மைக்கோ நிறுவன இன்ஜெக்‌ஷன் பம்பின் பக்கத்தில் கையால் அடிக்கும் சின்ன பிரைமர் பம்ப் இருக்கும்; ஏர் எடுக்க, அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, டிரைவரே அதை அடிப்பார். ஏ2-வில் கையால் அடிக்க எதுவும் இல்லை. டேங்குக்குள் இருக்கும் மின்சார பம்ப்தான் டீசலை எஞ்சின் வரை தள்ளி, குழாயில் உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். டேஷ்போர்டு சுவிட்சைப் போட்டதும் டேங்கின் பக்கம் நின்று கேட்டால் மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும்.

கேட்கவில்லை என்றால் உடனே பம்பைக் குறை சொல்லக் கூடாது. டேங்கின் மேல் உள்ள கனெக்டரில் 24 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மழையும் சேறும் பட்டுப் பட்டு அந்த முனைகள் பச்சை பூத்திருக்கும். மின்சாரம் வந்தும் பம்ப் சுழலவில்லை என்றால் பம்பைக் கழற்றலாம். ரீங்காரம் கேட்கிறது என்பதாலும் திருப்தி அடைந்துவிட முடியாது. மோட்டார் சுழன்றும் டீசல் வராமல் இருக்கும். பம்பின் வாயில் உள்ள வலையைப் பூஞ்சை மூடியிருக்கலாம். சத்தம் பாதி சாட்சிதான். முதல் பில்டரின் அடியில் உள்ள வடிகால் குழாயைத் திறந்து, கீழே ஒரு டப்பாவை வைத்து, சுவிட்சைப் போட வேண்டும். டீசல் திடமான தாரையாக வந்தால் டேங்க், டேங்க் பம்ப், அங்கிருந்து வரும் குழாய் மூன்றும் குற்றமற்றவை. சொட்டுச் சொட்டாக வந்தாலோ, பொங்கிப் பொங்கி நுரைத்து வந்தாலோ கோளாறு பின்னால் இருக்கிறது. முன்னால் போக வேண்டியதில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டவர்கள் மணிக்கணக்கில் உழைப்பை மிச்சப்படுத்திக்கொள்கிறார்கள்.

டேங்க் பம்ப் செத்துப்போனாலும் ஏ2 ஓடும். இன்ஜெக்‌ஷன் பம்போடு சேர்ந்த சப்ளை பம்ப், செத்துப்போன மோட்டாரைத் தாண்டியே டீசலை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் டேங்க் பம்ப் என்றோ நின்றுபோனது யாருக்கும் தெரியாமல் வண்டி ஆண்டுக்கணக்கில் ஓடியிருக்கும். டேங்க் பம்ப் உயிரோடு இருந்தவரை டேங்கிலிருந்து எஞ்சின் வரையிலான குழாய் முழுவதும் அழுத்தத்தில் இருந்தது. எங்காவது வெடிப்போ தளர்ந்த இணைப்போ இருந்தால் டீசல் வெளியே கசிந்து ஈரமாகத் தெரியும். பம்ப் நின்றதும் அதே குழாய் உறிஞ்சும் குழாயாக மாறிவிடுகிறது. இப்போது அதே வெடிப்பு டீசலை வெளியே விடாமல் காற்றை உள்ளே இழுக்கிறது. வெளியே ஈரமில்லை, கறையில்லை, வாசனையில்லை. வண்டியைச் சில நாள் நிறுத்திவைத்தால் அந்த வெடிப்பின் வழியே காற்று புகுந்து, குழாயில் இருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். மறுபடி கிளப்பும்போது சப்ளை பம்ப் வெறும் காற்றை மெல்லும். ஓடிக்கொண்டிருக்கும் வரை ஒரு குறையும் தெரியாத வண்டி, ஒரு வாரம் நின்றதும் கிளம்ப மறுக்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தக் கூட்டணியைத்தான்: செத்த டேங்க் பம்பும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கசிவும்.

கண்டுபிடிக்க வழி எளிது. முதல் பில்டருக்குப் போகும் குழாயில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் டீசல் ஹோஸைத் தற்காலிகமாகப் பொருத்திச் செல்ஃபைச் சுற்றினால், குமிழிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். அந்தத் துண்டை ஒவ்வொரு இணைப்புக்கும் அப்பால் மாற்றி மாற்றிப் பொருத்தினால், குமிழி தொடங்கும் இடம் எது என்பது வெளிப்பட்டுவிடும்.

கசிவுகள் ஏன் திடீரென்று பெருகுகின்றன என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்கச் சாலை டீசலில் கந்தகத்தின் உச்ச அளவை 1993-ல் பத்து லட்சத்தில் 500 பங்காகவும், 2006 முதல் 15 பங்காகவும் குறைத்தார்கள். கந்தகத்தை நீக்கும் முறையில் அரோமேட்டிக் சேர்மங்களும் ஓரளவு குறைகின்றன. பழைய ரப்பர் சீல்கள் அந்தச் சேர்மங்களை உறிஞ்சி உப்பியிருந்துதான் இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்தன. புது டீசல் வந்ததும் அவை சுருங்கின, கசிந்தன. காற்றின் தூய்மைக்கு இந்த மாற்றம் மிக அவசியமானது, அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. 1970-களில் பூட்டிய சீல்களை இன்றைய டீசலைத் தாங்கும் சீல்களாக மாற்றுவது வண்டி வைத்திருப்பவரின் கடமை. அடர்த்தி ஈடுகட்டிப் பகுதியில் இந்தக் கசிவு அடிக்கடி வரும். டீசல் ஒன்றையே ஊற்றுகிறவர்களில் பலர் அதை ஒதுக்கிவிட்டு நேர்க்குழாய் பூட்டிக்கொள்கிறார்கள்.

பில்டர்களைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. மூன்றையும் மாற்றுங்கள், மாற்றும்போது ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மாற்றிய பிறகு ஏர் எடுக்காமல் விட்டால் புதுப் பில்டரே புதுக் கோளாறாகிவிடும். சுவிட்சைப் போட்டு, ஒவ்வொரு பில்டரின் மேலுள்ள திருகையும் பாதை வரிசைப்படி தளர்த்தி, குமிழியில்லாத டீசல் வரும் வரை விட்டு இறுக்க வேண்டும். கடைசியாக இன்ஜெக்‌ஷன் பம்புக்குள் போகும் குழாயைத் தளர்த்தி அங்கும் அதையே செய்ய வேண்டும்.

இதற்குப் பிறகும் கிளம்பாவிட்டால் ஒரு சோதனை இருக்கிறது. எல்லாச் சோதனைகளிலும் இதுவே மேலானது என்பது இந்தப் பேச்சாளரின் துணிபு. சுத்தமான கேனில் வடிகட்டிய புது டீசலை எடுத்து, எஞ்சினைவிட உயரமான இடத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு ஹோஸ் வழியாக நேரே இன்ஜெக்‌ஷன் பம்பின் வாய்க்குக் கொடுக்க வேண்டும். டேங்கும் குழாய்களும் பில்டர்களும் ஒட்டுமொத்தமாக விலகிவிட்டன. வண்டி கிளம்பினால் கோளாறு அப்படி விலக்கிய பகுதியில். கிளம்பாவிட்டால் பம்புக்குள் அல்லது அதற்கு அப்பால். ஒரு கேன், ஒரு முழம் ஹோஸ், ஒரு கிளாம்ப். இதைச் செய்து பார்க்காமல் இன்ஜெக்‌ஷன் பம்பைக் கழற்றக் கூடாது.

இனி அந்தப் பம்ப். அமெரிக்கன் பாஷ் நிறுவனத்தின் பி.எஸ்.பி. வகை. நம் பழைய லாரிகளில் பார்த்துப் பழகிய வரிசைப் பம்பில் சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு பிளஞ்சர்கள் இருக்கும். ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927-ல் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கிய அமைப்பின் வழி அது. பி.எஸ்.பி.யில் ஒரே பிளஞ்சர்தான். அது மேலும் கீழும் போய்க்கொண்டே தன்னைச் சுற்றியும் சுழன்று, ஆறு வாய்களுக்கும் முறை வைத்து டீசலைப் பங்கிடுகிறது. ஹைட்ராலிக் ஹெட் என்பது அந்தப் பகுதியின் பெயர். பிளஞ்சருக்கும் அது ஓடும் துளைக்கும் நடுவில் இருப்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளி. அதற்குள் வழவழப்பைக் கொடுப்பது டீசல்தான்.

இந்த அமைப்பே கோளாறைக் காட்டிக்கொடுக்கவும் உதவுகிறது. நாசில் முனையில் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திச் செல்ஃபைச் சுற்றும்போது ஒரே ஒரு குழாயில் மட்டும் டீசல் வரவில்லை என்றால் குறை அந்தக் குழாயின் பாதையில்தான் இருக்கும். ஆறிலும் வரவில்லை, பம்பின் வாயில் மட்டும் டீசல் நன்றாக நிற்கிறது என்றால், ஆறுக்கும் பொதுவானதைத்தான் பார்க்க வேண்டும்: பிளஞ்சர் ஒட்டிப்போயிருக்கிறது, அல்லது நிறுத்தும் நெம்புகோல் டீசலை அறுத்தபடியே நிற்கிறது. நெம்புகோலை முன்பே பார்த்துவிட்டோம். மிச்சம் பிளஞ்சர்.

பிளஞ்சர் ஏன் ஒட்டுகிறது? ஒரு காரணம் தண்ணீர். அந்த நுண்ணிய இடைவெளியில் ஈரம் தங்கினால் மெல்லிய துரு போதும், அசைவு நின்றுவிடும். மற்றொரு காரணம் மனிதர்கள் செய்வது. எதையும் எரிக்கும் எஞ்சின் என்ற பெயரைக் கேட்டுவிட்டு, கழிவு எஞ்சின் ஆயிலையும் சமையல் எண்ணெயையும் ஊற்றுகிறார்கள். எரிக்க முடியும் என்பது போர்க்கால அவசரத்துக்கான வசதி. கழிவு ஆயிலில் கரியும் உலோகத் தூளும் இருக்கின்றன. சமையல் எண்ணெய் காற்றுப் பட்டுப் பிசினாக இறுகுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் வரை தாக்குப்பிடிக்கும் பம்ப், அந்த எண்ணெயோடு ஆறு மாதம் நின்றால் பசை போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும்.

ஒட்டியிருப்பதாகச் சந்தேகம் வந்ததும் செல்ஃபை விட்டுவிட வேண்டும். விடாமல் சுற்றினால் பம்பின் உள் பாகங்கள் உடையும். ஹைட்ராலிக் ஹெட்டைத் தனியாகக் கழற்ற முடியும். டைமிங் குறிகளை அடையாளமிட்டுக்கொண்டு கழற்றி, ஊடுருவும் எண்ணெயில் ஊறவைத்து, பொறுமையாக விடுவிக்க முயலலாம். சுத்தியல் கூடாது. மணல்தாள் கூடவே கூடாது. அந்த இடைவெளி போனால் அழுத்தம் போயிற்று.

நட்டைத் தளர்த்தும் வேலையில் ஒரு எச்சரிக்கை. நாசில் முனையைக் கழற்றி வெளியே வைத்து, அது பீய்ச்சுகிறதா என்று கையை நீட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளிதான் தெரியும். வலிகூட முதலில் இருக்காது. உள்ளே திசு அழுகத் தொடங்கியிருக்கும். டீசல் எஞ்சினால் நேர்ந்த இப்படிப்பட்ட காயம் 1937-லேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் பதிவானது. விரலையோ கையையோ இழந்தவர்கள் இருக்கிறார்கள். சிறு புள்ளியாக இருந்தாலும் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். என்ன நடந்தது என்று தெளிவாகச் சொல்லவும் வேண்டும். நட்டை அரைச் சுற்று தளர்த்தினால் போதும். துணியைப் போர்த்தி, கண்ணாடி அணிந்து, தள்ளி நின்று பார்க்கலாம்.

ஈதர் ஸ்பிரே பற்றியும் கேட்பார்கள். காற்றுக் குழாயில் ஈதர் அடித்ததும் எஞ்சின் இரண்டு முறை வெடித்துவிட்டு அடங்கினால், அமுக்கம் இருக்கிறது, டீசல்தான் வரவில்லை என்பது உறுதியாகும். அந்த அளவில் அது தடயம்தான். ஆனால் ஈதர் டீசலைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே, பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே, வெடித்துவிடும். ரிங் உடையும், பிஸ்டனில் விரிசல் விழும். தீச்சுடர் ஹீட்டர் உள்ள ஏ2-வில் ஆபத்து இன்னும் பெரிது. சுடர் எரியும் குழாயில் ஈதர் போனால் அங்கேயே வெடிக்கும். புகையைப் பார்த்தே அதே விடையைப் பெற முடியும்போது இந்தச் சோதனை தேவையில்லை.

மற்ற ராணுவ டீசல் வண்டிகளில் பாதை மாறும், முறை மாறாது. 1980-களின் நடுவில் வந்த செவ்ரலே எம்-1008 பிக்கப்பில் 6.2 லிட்டர் வி-8 எஞ்சின். அதன் ஸ்டானடைன் பம்புக்குள் டீசலைத் திறந்துவிடும் சிறு சோலினாய்டு உண்டு. மின்சாரம் இருந்தால்தான் திறக்கும். பம்பின் மேல் உள்ள ஒயரைக் கழற்றித் தொட்டால் 'டிக்' என்று கேட்க வேண்டும். எம்-939 வகை ஐந்து டன் லாரியின் கம்மின்ஸ் எஞ்சினிலும் அடைப்பு வால்வு மின்சாரத்தால் இயங்குகிறது. அதில் ஒரு நல்ல ஏற்பாடு: மின்சாரம் அறுந்துபோனால் கையாலேயே திருகித் திறக்க ஒரு குமிழ் வைத்திருக்கிறார்கள். திருகியதும் வண்டி கிளம்பினால் டீசல் பாதையில் குறையில்லை, ஒயரில்தான் குறை. ஏ2-வில் அந்த இடத்தில் மின்சாரம் இல்லை, கேபிள்தான். அதனால்தான் முதலிலேயே நெம்புகோலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னது.

டீசல் சேர்ந்துவிட்டது, கிளப்பப் போகிறோம் என்ற கட்டத்தில் இரண்டு காரியங்கள் பாக்கியிருக்கின்றன. எஞ்சின் ஆயில் அளவுக்கோலை எடுத்துப் பார்க்க வேண்டும். பி.எஸ்.பி. பம்புக்கு எஞ்சின் ஆயில்தான் மசகு. பம்பின் உள் சீல் தேய்ந்திருந்தால் டீசல் அந்த வழியே ஆயிலில் கலந்துவிடும். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்று டீசல் வாசனை அடித்தால், வடித்துப் புது ஆயில் ஊற்றாமல் செல்ஃபைத் தொடக் கூடாது. மெலிந்த ஆயில் பேரிங்கைத் தின்னும். அளவுக்கு மேல் நிற்கும் ஆயில் சிலிண்டருக்குள் ஏறி எரிபொருளாகவும் மாறக்கூடும்.

இரண்டாவது, நிறுத்தத் தயாராக இருப்பது. பல ஆண்டு நின்ற பம்பில் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம் முழு டீசல் நிலையில் சிக்கியிருந்தால், கிளம்பிய எஞ்சின் வேகம் ஏறிக்கொண்டே போகும். ஸ்டாப்பரை இழுத்தாலும் கேட்காது. அப்போது காற்றை அடைப்பதுதான் வழி. காற்றுக் குழாயின் வாயை முழுதாக மூடும் அளவுக்கு ஒட்டுப் பலகைத் துண்டு ஒன்றை வெட்டி, அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் எஞ்சின் பக்கத்தில் நிற்க வேண்டும். கையையோ துணியையோ வைக்கக் கூடாது. டர்போ அதை உள்ளே இழுத்துவிடும். செல்ஃபை ஒரு தடவைக்குப் பதினைந்து விநாடிக்கு மேல் அழுத்தாமல், நடுவில் ஒன்றிரண்டு நிமிடம் ஆறவிட வேண்டும். முதலில் ஒரு சிலிண்டர் இருமும், வெள்ளைப் புகை எழும். பிறகு இரண்டு மூன்று சேர்ந்து பிடித்துக்கொள்ளும். குழாய்களில் மிஞ்சிய காற்று வெளியேறும் வரை எஞ்சின் தடுமாறத்தான் செய்யும். அரை மணி நேரம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தி, மூன்று பில்டர்களின் அடி வடிகாலையும் திறந்து டப்பாவில் பிடித்துப் பாருங்கள். டேங்கிலிருந்து கிளம்பி வந்த தண்ணீரும் கறுப்பு ஏடும் அதில் இருக்கும். அடுத்த சில ஓட்டங்களுக்குப் பிறகும் இதையே செய்து, வடிவது தெளிவாக வரத் தொடங்கிய பிறகு சுமை ஏற்றலாம்.